மோர்கோன் சரிவில் எட்டு நாள்

பிரான்சின் மோர்கோனில் ஒயினுக்குத் திராட்சை பறிக்கப் போன முதல் நாள் காலை பத்து மணிக்குள் இடது கை ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டேன். திராட்சைக் குலையை இடது கையில் ஏந்தி, வலது கைக் கத்தரியால் காம்பை நறுக்க வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான். குனிந்து இலைக்குள் கையை விட்டால் காம்பு எது, விரல் எது என்று தெரியாது. பத்ரோன் வந்தார். தோட்ட முதலாளியை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து விரலில் சுற்றினார். அப்புறம் என் வாளியைப் பார்த்தார். விரலைப் பார்த்ததைவிட வாளியைப் பார்த்த நேரம்தான் அதிகம். மூன்று குலைகளை எடுத்து மண்ணில் போட்டுவிட்டு, நான்காவதை என் மூக்கருகே நீட்டினார். வினிகர் வாடை.

"மூக்குக்குப் பிடிக்காததை வாளியில் போடாதே. என் தொட்டியில் இதற்கு மருந்து கிடையாது."

அவர் சொன்னது முழுதாகப் புரிய எனக்கு அந்த எட்டு நாளும், அதற்குப் பிறகு ஒன்றரை மாதமும் தேவைப்பட்டது.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். லியோனில் பதினோரு வருடமாகக் கணினி முன் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். 2023 செப்டம்பரில் ஆபீஸ் நண்பன் ஒருவன், "என் அக்கா தோட்டத்தில் அறுவடைக்கு ஆள் பற்றவில்லை, வருகிறாயா?" என்று கேட்டான். பிரான்சில் இதற்கென்றே 'கொந்த்ரா வொந்தான்ஜ்' என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதிகபட்சம் ஒரு மாதத்துக்குப் போடலாம். வேறு வேலையில் இருப்பவர்கள் சம்பளத்தோடு கூடிய விடுமுறையில் இருக்கும்போதும் இதில் சேர சட்டம் இடம் தருகிறது. மாணவர் விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளும் போகலாம், வருடத்துக்கு 964 மணி நேரம் என்ற வரம்புக்குள் வந்தால் சரி. கூலி மணிக்கணக்கில், குறைந்தபட்ச ஊதிய அளவில். பணத்துக்காகப் போவதென்றால் யோசித்துக்கொள்ளுங்கள். முதுகுக்கு ஆகும் செலவு தனி.

லியோனிலிருந்து ரயிலில் வடக்கே போய் பெல்வில்லில் இறங்கி, மேற்கே மேடேறினால் வில்லியே-மோர்கோன். பொழொலே வட்டாரத்தில் இடப்பெயரையே ஒயின் பெயராக வைத்துக்கொள்ளும் உரிமை பெற்ற பத்து இடங்களில் மோர்கோன் ஒன்று. பக்கத்து ஃப்ளெரியில் மண் இளஞ்சிவப்புக் கிரானைட். மோர்கோனின் பெயர்பெற்ற குன்றான கோத் து பியில் நீலச் சாம்பல் நிறக் கல். கையால் நெரித்தாலே உதிரும் அளவுக்கு மக்கிய பாறை அது. ஊர்க்காரர்கள் அதை 'அழுகிய பாறை' என்றே சொல்கிறார்கள். இங்கே விளைவது காமே என்ற ஒரே ஒரு கருந்திராட்சை. 1395-இல் பர்கண்டியை ஆண்ட ஃபிலிப் கோமகன், மட்டமான கொடி என்று சொல்லி இதைப் பிடுங்கி எறிய உத்தரவு போட்டார். தெற்கே இந்தக் கிரானைட் மேட்டில் அது பிழைத்துக்கொண்டது.

கம்பம் பக்கம் பந்தலில் தொங்கும் திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கொடிகள் கொடியாகவே தெரியாது. முழங்கால் உயரம், கம்பி இல்லை, பந்தல் இல்லை. விரல் விரித்து நிமிர்த்திய கைபோலத் தடித்த அடிமரத்திலிருந்து நாலைந்து கிளைகள். பழைய முறைப்படி நட்ட தோட்டத்தில் ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் செடி வரும். ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும். உட்கார்ந்து செய்யலாம் என்று முதலில் நினைத்தேன், இரண்டாம் நாள் முழங்கால் வீங்கியது. மூன்றாம் நாள் ஒரு போலந்துப் பாட்டி வழி சொல்லித்தந்தார்: ஒரு செடிக்கு இடது காலில் குனி, அடுத்த செடிக்கு வலது காலை மாற்று, மூன்றாவதற்கு மண்டியிடு. எந்த நிலையிலும் சுகமாகிவிடாதே என்பதுதான் அதில் சூட்சுமம்.

தோட்டம் ஆறு ஹெக்டேர், நம் கணக்கில் பதினைந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. கணவன், மனைவி, வருடம் முழுக்க ஒரே ஒரு ஆள். அறுவடைக்கு மட்டும் நாங்கள் இருபது பேர். களைக்கொல்லி தெளிப்பதில்லை. பூஞ்சைக்குக் கந்தகமும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும்தான். 'இயற்கை' என்றால் எதுவுமே அடிப்பதில்லை என்று நான் நினைத்திருந்தேன், அப்படி இல்லை. மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு மண்ணில் தங்கிவிடும். அதனால் ஐரோப்பாவில் ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மழை மிகுந்த வருடத்தில் அந்தக் கணக்கே தூக்கத்தைக் கெடுக்கும் என்றார் பத்ரோன். மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, வசந்தத்தில் எடுத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் சுழற்றித் தெளிக்கும் பயோடைனமிக் வழக்கமும் அவருக்கு உண்டு. 1924-இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து வந்தது அது. பத்ரோனின் மனைவி வேதியியல் படித்தவர். கொம்புப் பேச்சு வந்தாலே எழுந்து காபி போடப் போய்விடுவார். எனக்கும் அதில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் கொம்பைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பவர் ஒவ்வொரு செடியையும் பார்க்கிறார், அது மட்டும் உறுதி.

சரி, அந்த 'மருந்து கிடையாது' விஷயத்துக்கு வருகிறேன்.

திராட்சைத் தோலின் மேல் ஈஸ்ட் இருக்கும், பாக்டீரியாவும் இருக்கும். வழக்கமான முறையில், தொட்டிக்குள் போனதும் முதல் வேலையாகச் சல்ஃபைட் என்ற கந்தகப் பொடி போடுவார்கள். பாக்டீரியா ஒடுங்கிவிடும், காட்டு ஈஸ்டும் ஏறக்குறைய ஒடுங்கிவிடும். பிறகு பாக்கெட்டில் வாங்கிய ஈஸ்டைத் தூவினால், குறித்த நாளில் குறித்த மணத்தோடு ஒயின் தயார். பொழொலே நுவோ என்று நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை உலகம் முழுக்க விற்பனைக்கு வரும் புது ஒயினில் ஒரு காலத்தில் வீசிய வாழைப்பழ வாசத்துக்கு 71பி என்ற பாக்கெட் ஈஸ்டைத்தான் பலரும் காரணம் காட்டுவார்கள். சர்க்கரை குறைந்தால் சர்க்கரை, புளிப்பு குறைந்தால் டார்டாரிக் அமிலம் என்று அனுமதிக்கப்பட்ட சேர்மானங்கள் டஜன் கணக்கில் உண்டு. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் செய்ய முடியுமா என்று இதே வட்டாரத்தில் ஆராய்ந்தவர் ழூல் ஷொவே. லா ஷப்பெல்-து-கான்ஷேயில் ஒயின் வியாபாரம் செய்தவர், கூடவே வேதியியலாளர். 1989-இல் காலமானார். அவரிடம் கற்று, மோர்கோனில் செய்து காட்டியவர் மர்செல் லப்பியேர். 1973-இல் குடும்பத் தோட்டத்தைக் கையில் எடுத்தவர், 2010-இல் மறைந்தார். அவரோடு கி பிரெதோன், ழான் ஃபொய்யார், ழான்-போல் தெவ்னே. இன்று பாரிஸ் மதுக்கடைகளில் 'வான் நத்யூர்', அதாவது இயற்கை ஒயின் என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்தப் பேச்சுக்கு இந்த ஊர் ஒரு முக்கியமான தொடக்கம். பழைய காலத்து விவசாயி எதுவும் தெரியாமல் செய்தான், அதற்குத் திரும்புகிறோம் என்று சிலர் கதை சொல்வார்கள். நான் பார்த்தது வேறு. பத்ரோன் வீட்டுச் சமையலறையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது.

பத்ரோனின் மனைவியான அம்மையார் தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பார். என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக, மொட்டுவிட்டபடி இருப்பவை ஈஸ்ட். நடுவே நூல் துணுக்குபோல நெளிபவை பாக்டீரியா. "உருண்டைகள் கூட்டமாக இருக்கும்வரை நான் கை வைக்க மாட்டேன்" என்றார். சல்ஃபைட் இல்லாத வீட்டில் எண்ணிக்கைதான் காவல். அந்தக் கூட்டத்தைத் தொட்டிக்கு அனுப்புவது யார் என்றால், பறிப்பவர்கள். அழுகிய ஒரு பழத்தைக் குலையிலிருந்து கிள்ளி எறிந்தால், அத்தனை பாக்டீரியா உள்ளே போகவில்லை. சில மில்லிகிராம் பொடி செய்யும் வேலையை இருபது பேரின் விரல் செய்கிறது. ஒயின் பாட்டிலில் 'எதுவும் சேர்க்கவில்லை' என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு முதுகு வலிக்கிறது.

அந்த செப்டம்பர் பிரான்சில் பதிவான செப்டம்பர்களிலேயே மிக வெப்பமானது. காலை ஆறரைக்குத் தொடங்கி நண்பகலோடு நிறுத்துவோம் என்பது ஏற்பாடு. ஒன்பது மணிக்கு வரிசையின் முனையிலேயே ரொட்டி, சீஸ், பன்றி இறைச்சித் துண்டு. நான் சைவம். ரொட்டியும் சீஸும் எட்டு நாள் தின்றேன், குறையில்லை. பறித்த குலைகளைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் அடுக்க வேண்டும். கீழே இருப்பது நசுங்கக் கூடாது. பெட்டிகள் நேராகக் குளிர் அறைக்குப் போகும். ஓர் இரவு குளிர்ந்த பிறகு, மறுநாள் காலையில் குலை குலையாகவே, உருவாமல் மிதிக்காமல், தொட்டிக்குள் இறங்கும்.

ஏன் குளிர வைக்கிறார்கள்? இங்கே செய்யும் முறையில் பழம் உடையாமல் இருக்க வேண்டும். தொட்டியின் அடியில் இருப்பவை மேலே உள்ள பாரத்தில் நசுங்கிச் சாறு விடும். அந்தச் சாறு நொதித்துக் கரியமில வாயு கிளம்பி, தொட்டியை நிரப்பிவிடும். மேலே உள்ள முழுப் பழங்கள் காற்றில்லாமல், தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். ஈஸ்ட் தேவையில்லை, பழத்தின் சொந்த நொதிகளே அந்த வேலையைச் செய்யும். புளிப்பு கொஞ்சம் தணியும், செர்ரி போன்ற மணம் ஏறும். சூடாக இருக்கும் பழத்தைப் போட்டால், இதெல்லாம் நிதானமாக நடப்பதற்குள் பாக்டீரியா முந்திக்கொள்ளும். தொடங்கி வைக்க ஓர் உறைமோரும் உண்டு. அறுவடைக்கு நாலைந்து நாள் முன்னரே சில வாளி நல்ல பழம் பறித்து, நசுக்கித் தனியாக நொதிக்க விடுவார்கள். அது நன்றாக வந்தால் முதல் தொட்டிக்கு ஊற்றுவார்கள். வராவிட்டால் கொட்டிவிட்டு வேறு மூலையிலிருந்து பறித்து மறுபடி முயல்வார்கள். உறைமோருக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் நம் ஊர் வழக்கம் அங்கும் இருக்கிறது என்று கேட்டபோது சிரித்துவிட்டேன்.

தொட்டி அறைக்குப் போகும் யாரும் இதை மறக்கக் கூடாது: கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, கீழே தேங்கும், ஆளைக் கொல்லும். தாத்தா காலத்து மெழுகுவர்த்தி ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது, அணைந்தால் ஓடு என்று அர்த்தம். ஆனால் மெழுகுவர்த்தி அணையும் முன்பே ஆபத்து வந்துவிடலாம் என்று அம்மையார் இடுப்பில் வாயு அளவி கட்டியிருப்பார். அவர் முன்னே போகாமல் எங்களில் யாரும் தொட்டி விளிம்பில் ஏறியதில்லை.

ஆறாம் நாள் எல்லாம் குலைந்தது. முன்தினம் பறித்ததே குளிர் அறையை நிரப்பியிருந்தது. வெயிலில் பழம் சுருங்கிக்கொண்டே போகிறது, இன்னும் ஒரு நாள் விட்டால் சர்க்கரை எகிறிவிடும். மதியத்துக்கு மேலும் பறிப்பது என்று முடிவானது. எங்களுக்கு உடம்பில் தெம்பில்லை. தண்ணீர் குடித்தால் குடித்த இடத்திலேயே வியர்த்தது. நான் அந்த மதியம் எத்தனை பழத்தைக் கிள்ளி எறிந்தேன் என்று கேட்டால், பத்து வாளிக்கு ஒன்றுகூட இருக்காது. முகர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பக்கத்து வரிசைக்காரர்களும் அப்படித்தான். பெட்டிகள் குளிராமலே மாலையில் மூன்றாம் தொட்டிக்குள் போயின.

எட்டாம் நாள் இரவு ரெவோல், அதாவது அறுவடை முடிந்த விருந்து. எனக்காக இறைச்சி இல்லாத உருளைக்கிழங்கு கிராத்தன் செய்திருந்தார்கள். பதிலுக்கு நான் இருபத்திரண்டு பேருக்கு எலுமிச்சைச் சாதம் கிளறினேன். பெருங்காயத்தை முகர்ந்து பார்த்த பத்ரோன், "இது வாளியில் போகாது" என்றார். முதல் தொட்டியைப் பிழிந்தபோது ஒழுகிய பாதி நொதித்த சாற்றையும் அன்று ஊற்றினார்கள். அதற்குப் 'பரதீ', சொர்க்கம் என்று பெயர். இனிப்பாக இருக்கிறதே என்று இரண்டு டம்ளருக்கு மேல் போகாதீர்கள். வயிறு மறுநாள் கணக்குக் கேட்கும்.

அக்டோபரில் நாலு வார இறுதிகள் போனேன். கூப்பிட்டதால் இல்லை, மூன்றாம் தொட்டி மனதை அரித்தது. அடர்த்தி அளவியை மிதக்க விட்டுத் தினமும் எண்ணைக் கரும்பலகையில் எழுதுவார்கள். தண்ணீர் என்றால் 1000. சாறு தொடக்கத்தில் 1090-க்கு மேல் நிற்கும். சர்க்கரை சாராயமாக மாற மாற எண் இறங்கி, 995-க்குக் கீழே வந்தால் முடிந்தது. ஒன்றும் இரண்டும் ஒழுங்காக இறங்கின. மூன்று 1012-இல் நின்றுவிட்டது. நாலு நாள் 1012. மைக்ராஸ்கோப்பில் நூல் துணுக்குகள். சர்க்கரை மீதியிருக்கும்போதே பாக்டீரியா அதைத் தின்னத் தொடங்கினால் சாராயம் வராது, வினிகர் அமிலம் வரும்.

அந்த நிலையில் சல்ஃபைட் போட்டு, பாக்கெட் ஈஸ்ட் தூவினால் பிழைத்திருக்கும் என்று அம்மையாரே சொன்னார். பத்ரோன் மாட்டேன் என்றார். சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் நடந்த சண்டையில் பாதிதான் எனக்குப் புரிந்தது, மீதியைப் புரியாதது போல இருந்தேன். கடைசியில் தொட்டியைச் சூடாக்கி, ஒன்றாம் தொட்டியின் அடிவண்டலை ஊற்றிப் பார்த்தார்கள். கொஞ்சம் இறங்கியது, மறுபடி நின்றது. நவம்பர் முதல் வாரப் பரிசோதனையில் ஆவியாகும் அமிலம், அதாவது பெரும்பாலும் வினிகர் அமிலம், லிட்டருக்கு 1.2 கிராமைத் தாண்டிவிட்டது. ஐரோப்பாவில் சிவப்பு ஒயினுக்குச் சட்ட வரம்பு அது. தாண்டினால் ஒயின் என்று விற்க முடியாது. வருட விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு போனது. என்னைக் கேட்டால் பத்ரோன் செய்தது பிடிவாதம், கொள்கை இல்லை. அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு: ஒரு தொட்டிக்கு மருந்து போட்டுவிட்டால், அடுத்த வருடம் ஆறாம் நாள் மதியம் யாரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவன் வாங்கும்போதாவது ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். அடுத்த வசந்தத்தில் இரண்டாம் தொட்டி ஒயினை, பாட்டில் 16 யூரோ என்று ஒரு டஜன் வாங்கி, என் அபார்ட்மெண்டில் வெந்நீர்க் குழாய் போகும் அலமாரியில் வைத்தேன். ஜூன் கடைசியில் திறந்தால் நுரை. குடித்து ஐந்து நொடி கழித்துத் தொண்டையில் எலிக்கூண்டு வாடை. இதற்கு 'சுரீ', எலிச் சுவை என்றே பெயர். மூக்கில் தெரியாது. விழுங்கிய பிறகு எச்சிலோடு கலந்து புளிப்புத் தணிந்தால்தான் அந்த மணம் கிளம்பும். எச்சிலின் தன்மை ஆளுக்கு ஆள் மாறுவதால் என் மனைவிக்கு ஒன்றுமே தெரியவில்லை, "நன்றாகத்தானே இருக்கிறது" என்றாள். சந்தேகம் இருந்தால் இரண்டு சொட்டைப் புறங்கையில் தேய்த்து, காய்ந்ததும் முகர்ந்து பாருங்கள். சில பாட்டில்களில் மாதக்கணக்கில் விட்டால் தானே போய்விடும். எனக்கு ஆறு பாட்டில் தேறின, ஆறு தேறவில்லை. சல்ஃபைட் போடாத ஒயினை 14 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். நிலவறை இல்லாதவர்கள் வாங்கிய மாதமே குடித்துவிடுவது நல்லது. லேசான நுரை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அகன்ற கூஜாவில் ஊற்றிக் குலுக்கினால் அடங்கிவிடும்.

கடையில் வாங்குபவர்கள் 'இயற்கை' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். 2020-இல் பிரான்சில் 'வான் மெத்தோத் நத்யூர்' (இயற்கை முறை ஒயின்) என்று ஒரு முத்திரை வந்தது. ஆர்கானிக் சான்று பெற்ற திராட்சை, கையால் பறித்தது, சொந்த ஈஸ்ட், சேர்மானம் இல்லை, சல்ஃபைட் சேர்க்கவே இல்லை அல்லது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே. சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு வரம்பு 150, ஆர்கானிக்குக்கு 100. 'சல்ஃபைட் உண்டு' என்ற வரி 10-ஐத் தாண்டினாலே போட வேண்டும், ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் உண்டாக்கும் என்பதால் அந்த வரியைக் கண்டு கலங்க வேண்டாம். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரித்தவற்றில் சேர்மானப் பட்டியலும் கட்டாயம், பெரும்பாலும் க்யூஆர் குறியீட்டுக்குள் ஒளிந்திருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்று கவனிக்கலாம். ஒயினைத் தெளிவாக்க முட்டை வெள்ளையும் மீன் பசையும் போடும் வழக்கம் உண்டு. இந்த வகைச் சின்னத் தோட்டங்கள் அதைச் செய்வதில்லை, அதனால்தான் கலங்கலாக இருக்கும். தலைவலி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும். நான் சோதித்துவிட்டேன்.

மூன்றாம் தொட்டியின் பெரும்பகுதியை ஒரு வினிகர்க்காரர் லாரியில் ஏற்றிப் போனார். ஒரு பீப்பாயை மட்டும் அம்மையார் கொட்டகை மூலையில் வைத்து, துணியால் மூடி, ஒரு வருடம் தொடாமல் விட்டார். 2024 அறுவடைக்குப் போனபோது அதிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக் கொடுத்தார். லேபிள் இல்லை. கார்க்குக்கு மேல் பென்சிலால் '3' என்று எழுதியிருந்தது. அந்த வருடம் மழை, வரிசைக்கு வரிசை பூஞ்சை, ஒவ்வொரு குலையையும் திருப்பித் திருப்பி முகர்ந்தோம். வீட்டில் வெங்காயப் பச்சடிக்கு இப்போது அந்த வினிகரைத்தான் ஊற்றுகிறோம். இன்னும் கால் பாட்டில் இருக்கிறது.